வெங்காயக்காவின் மோதிர விரல்

என் வேலை என் கையில் இல்லை, வெங்காயக்காவின் இடது கை மோதிர விரலில் இருந்தது. கேட்டால் கதை விடுகிறேன் என்பீர்கள். ஆனால் இரண்டு வருஷமாக எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த விரலால்தான்.

நாங்கள் வேலை பார்ப்பது ஒரு பெரிய தொழிற்சாலையின் கேன்டீனில். தொழிற்சாலை வேறு, கேன்டீன் வேறு. நாங்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். உள்ளே இரும்பை உருக்குகிறார்களா, ஊசி செய்கிறார்களா என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. அவர்கள் சாப்பிட்டுப் போட்ட தட்டு மட்டும்தான் எனக்குப் பழக்கம். நான் பாத்திரம் கழுவுகிறவள். தட்டுகூடப் பரவாயில்லை, அண்டாக்கள்தான் ஆளைக் கொல்லும். தலையையும் தோளையும் உள்ளே விட்டுத் தேய்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அண்டாவுக்கு இரண்டு கால் முளைத்த மாதிரி இருக்கும். சுடுதண்ணீரோடு நீல நிறத்தில் ஒரு கரைசல் தருவார்கள். அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், அதோடு கழுவுகிறவளின் கைரேகையையும் எடுத்துவிடும்.

கையுறை போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கிற புத்திசாலிகளுக்குச் சொல்கிறேன். தந்தார்கள். அண்டா விளிம்பு ஒரே வாரத்தில் அதைக் கிழித்தது. கிழிந்த கையுறைக்குள் கரைசல் புகுந்து அங்கேயே குடியிருந்தது. வெறும் கையே தேவலை என்று கழற்றி எறிந்தேன். அடுத்த ஜோடி வரும் வரும் என்றார்கள், வந்தபாடில்லை.

சமையலறை வாசலில், சுவரில் ஒரு மெஷின் இருக்கிறது. காலையில் வந்ததும் அதில் விரல் வைக்க வேண்டும். பதிந்தால் பச்சை விளக்கு எரிந்து, தேன் ஒழுகும் குரலில் ஒருத்தி ‘நன்றி’ என்பாள். பதியாவிட்டால் சிவப்பு விளக்கு, ‘மீண்டும் முயற்சிக்கவும்’. எத்தனை முறை முயற்சித்தும் பதியாவிட்டால் அன்றைக்கு நாம் வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம். முதுகு ஒடிய நாள் முழுக்க நின்று கழுவியிருந்தாலும் வரவில்லைதான். மெஷின் சொன்னால் சொன்னதுதான், மனுஷன் பேச்செல்லாம் அங்கே எடுபடாது.

இந்த வேலைக்கு முன்பு நான் வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் தேய்த்தவள். அதனால் சேர்ந்த அன்றே என் விரல்கள் வழுவழுவென்று இருந்தன. ரேகையைப் பதிய வரிசையில் நின்றபோது கட்டை விரல், சுட்டு விரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் சிவப்பு. சூப்பர்வைசர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். அவரை நாங்கள் ‘டை சார்’ என்போம். அந்த அனலிலும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வருகிற ஒரே பிறவி.

“என்னம்மா, ஆச்சா?” என்றார் திரும்பாமலே.

வேலை இல்லை என்றால் அந்த மாத வாடகை இல்லை. அப்போது என் கைக்கு அடியில் புகுந்து, பின்னாலிருந்து வேறொரு கை நீண்டது. ஒரே வெங்காய வாசனை. அந்தக் கையின் மோதிர விரல் மெஷினின் கண்ணாடியை மூன்று தடவை தொட்டது. மூன்று தடவையும் பச்சை.

“ஆச்சு சார்” என்றாள் அந்தக் கைக்காரி. பிறகு என் காதில், “என் கட்டை விரல் எனக்கு, இது உனக்கு. வா, உள்ள போலாம், நிறைய வேலை கிடக்கு” என்றாள்.

வெங்காயக்காவை நான் சந்தித்தது இப்படித்தான். மூட்டை மூட்டையாகக் காய் வெட்டுகிறவள். முதன்முதலில் மூக்குக்குத் தெரிவது வெங்காயம் என்பதால் அந்தப் பெயர். யாரையாவது திட்டுவதற்கு ‘வெங்காயம்’ என்போமே, அவளும் எல்லாரையும் அப்படித்தான் திட்டுவாள். ஆக, அங்கே யார் யாரை வெங்காயம் என்று கூப்பிட்டாலும் குழப்பம்தான்.

முன்பின் தெரியாத என்னை எதற்குக் காப்பாற்றினாய் என்று பிற்பாடு கேட்டேன்.

“காப்பாத்தினேனா? க்யூ நகரவே மாட்டேங்குது, உள்ள எண்ணெய் காயுது. நீ அங்கயே நின்னு அழுதா எனக்குல்ல லேட்டாகும்” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் நாங்கள் இருவரும் ஒன்றாக உள்ளே போவோம். அவள் கட்டை விரலை வைப்பாள், நன்றி. மோதிர விரலை வைப்பாள், நன்றி. நான் பக்கத்தில் நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு டை சார் வருகிறாரா என்று பார்ப்பேன். ஒரு விஷயத்தில் மட்டும் அவள் கறார். நான் வராத நாளில் விரல் வைக்க மாட்டாள். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது, “இன்னிக்கு மட்டும் வெச்சுடேன்க்கா, நான் பொண்ணுகூட இருந்துக்கறேன்” என்று போனில் கெஞ்சினேன். “செய்யாத வேலைக்கு என் விரல் வராது. பொண்ணைப் பாரு, போனை வை” என்று வைத்துவிட்டாள். அன்றைக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தக் கறார்தான் எங்கள் இருவருக்கும் தைரியம் தந்தது. உழைக்காமல் ஒரு நாள்கூட நான் வாங்கவில்லை. மெஷினுக்குப் பொய் சொன்னோம், வேலைக்குச் சொல்லவில்லை.

வாரம் ஒருநாள் அவளுக்கு விடுமுறை. எனக்கு விடுமுறை வேறு நாளில். அவளுடைய விடுமுறை நாளில் என்ன செய்வது? இரண்டு பஸ் மாறி வருவாள். விரலை வைத்துவிட்டு இரண்டு பஸ் மாறித் திரும்பிப் போவாள். கேட்டில் நிற்கிற வாட்ச்மேனிடம் வாரம் ஒரு காரணம் சொல்ல வேண்டுமே! குடையை மறந்துவிட்டேன், சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டேன், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன்.

“மறதிக்கு வைத்தியம் பாருங்கக்கா” என்றார் அவர் பரிதாபமாக.

வெட்டும்போது அவள் அந்த விரலைப் பாதுகாத்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இடது கையால் வெங்காயத்தைப் பிடிப்பாள். மற்ற விரல்களில் எல்லாம் வெட்டுத் தழும்பும் பிளாஸ்திரியும் இருக்கும். மோதிர விரல் மட்டும், வேலைக்கு வராத விருந்தாளி மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் வேகம் குறைந்து திட்டும் வாங்கினாள். “மத்ததெல்லாம் என் விரல், வெட்டுப்பட்டா ஆறிடும். இது உன்னோடது, சாக்கிரதையா வெச்சுக்கணும்” என்பாள். பெற்றவள்கூட என் பொருள் எதையும் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. அவளுக்கு என் நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவள் சாப்பாட்டு டப்பாவைத் தினமும் நானே கழுவிக் கொடுப்பேன். பாத்திரக்காரியிடம் வேறென்ன இருக்கிறது?

இப்படியே போயிருக்கும். காய்வண்டிக்காரர்தான் போட்டு உடைத்தார்.

காலையில் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கத்தினார். “உங்க அக்காவுக்கு மூளை கீளை இருக்கா? பெண்கள் ஹாஸ்டல் சமையலறையில ஆள் கேட்டாங்கன்னு நான்தான் பேசி முடிச்சேன். நிரந்தர வேலை. உக்காந்து வெட்டலாம். உங்க அக்கா வீட்டுக்குப் பின் தெருவுலயே இருக்கு. மத்தியானம் வீட்டுக்குப் போய் அவருக்குச் சாப்பாடு போட்டுட்டு வரலாம்னு வேற ஒத்துக்கிட்டாங்க. வேணாங்கறா! மாசக் கடைசி வரைக்கும் இடத்தைப் பிடிச்சு வெச்சிருக்காங்க. நீயாச்சும் சொல்லும்மா.”

‘அவர்’ என்றது அக்காவின் கணவர். வெல்டிங் வேலை பார்த்தவர். பல வருஷம் நெருப்புப் பூவைப் பார்த்துப் பார்த்துக் கண் போய்விட்டது. கடைசியில் கம்பெனியும் கைவிட்டது. அக்கா காலையில் மேஜைமேல் சாப்பாட்டை வைத்து, டம்ளர் எங்கே, தட்டு எங்கே என்று தொட்டுக் காட்டிவிட்டு வருவாள். மத்தியானம் அவர் தடவித் தடவிச் சாப்பிட வேண்டும். பாதி நாள் தண்ணீர் தட்டி சாப்பாடெல்லாம் நனைந்துவிடும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

நேராகக் காய் வெட்டும் இடத்துக்குப் போனேன்.

“ஹாஸ்டல் வேலையை ஏன் வேணாம்னு சொன்ன?”

“அங்க எல்லாம் சின்னப் பொண்ணுங்க. காரம் சாப்பிடாதுங்க. எனக்குச் சரிப்படாது.”

“நீ சமைக்கறியா, வெட்டறியா? வெட்டறவளுக்குக் காரம் என்ன காரம்?”

“உனக்கு எதுக்குடி இதெல்லாம்? போய் அண்டாவைப் பாரு.”

“என்னாலதானே?”

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். வெட்டிக்கொண்டே இருந்தாள். அந்த விரல் மட்டும் மேலே நின்றது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. “இனிமே எனக்கு நீ விரல் வைக்க வேணாம்” என்று கத்திவிட்டுத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால், “நாளைக்குக் காலைல சீக்கிரம் வா, வெங்காயம்” என்றாள்.

வீட்டுக்குப் போய்ப் பையைத் தூக்கிப் போட்டேன். என் வீட்டுக்காரர் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். லாரி வந்தால் அவருக்கு வேலை. வராவிட்டால், லாரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அதனால் மாதம் தவறாமல் வீட்டுக்குள் வருவது என் சம்பளம் மட்டும்தான். நடந்ததைச் சொல்லி, “அக்கா போனா என் வேலை போயிடும். போகலைன்னா அவ வாழ்க்கை போயிடும். நான் என்னங்க பண்றது?” என்று கேட்டேன்.

அவர் எப்போதுமே உடனே பதில் சொல்லமாட்டார். கேட்ட கேள்வியை மூட்டை மாதிரி எடைபோட்டுப் பார்த்துதான் தூக்குவார். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்தார்.

“போன மழைக்கு லாரியே வரலையே, ஞாபகம் இருக்கா? அப்ப சும்மா உக்காந்து உக்காந்து, காய்ப்பெல்லாம் உரிஞ்சு, என் கையில கோடெல்லாம் பளிச்சுன்னு வந்துடுச்சு. பச்சைக்குழந்தை கை மாதிரி. எனக்கே வெக்கமா இருந்துச்சு.”

“அதுக்கு?”

“உன் கையும் சும்மா இருந்தா கோடு வந்துடும். தண்ணில வைக்காம இருந்தா போதும்.”

பாத்திரம் கழுவுகிறவளைத் தண்ணீரில் கை வைக்காதே என்கிறார்! சிரிப்பு வந்தது. ஆனால் வேறு வழி எதுவும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் என் கை மகாராணி ஆனது. அவர் பாத்திரம் தேய்த்தார். தேய்த்தார் என்றா சொன்னேன்? பாத்திரத்தோடு மல்யுத்தம் செய்தார். துணி துவைத்தார், ஒரு சட்டைக்கு அரை சோப்பு. என் மகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான், ஆனால் வாய் என் வாய். நான் குழாய்ப் பக்கம் திரும்பினாலே “அம்மா, கை!” என்று அலறுவாள். அவளே தலை வாரிக்கொண்டாள். வகிடு காதுக்கு மேலே போனது. எனக்குச் சோறு பிசைந்து ஊட்டியும் விட்டாள். ஒவ்வொரு வாய்க்கும், “சிந்தாம சாப்பிடு” என்று ஒரு திட்டு. அவளுக்கு ஊட்டும்போது நான் திட்டியதையெல்லாம் வட்டியோடு திருப்பித் தந்தாள்.

வீடு சரி, வேலையிடத்தில்? அங்கே தலைமைச் சமையல்காரரிடம்தான் சொல்ல வேண்டும். நாங்கள் மாஸ்டர் என்போம். அவருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அண்டா அடிப்பிடித்தால் தேய்க்கிறவள் நான் என்பதால், “போனைப் பார்த்துக்கிட்டே கிண்டினா அடிப்பிடிக்காம என்ன செய்யும்?” என்று எல்லார் முன்னாலும் கேட்டவள் நான். அந்த மனுஷனிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது. திட்டப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“இத்தனை நாளா என்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணலையா?” என்றார். குரலில் கோபம் இல்லை, மனத்தாங்கல்தான் இருந்தது. “திட்டறதுக்கு மட்டும் மாஸ்டர் வேணும். இதுக்கு வேணாம், இல்ல?”

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் போனார். “நீ பரிமாறற இடத்துக்குப் போ. அண்டாவை நாங்க பாத்துக்கறோம். யாராச்சும் கேட்டா, உனக்குக் கையில சொறின்னு சொல்லிக்கறேன்” என்றார்.

“சொறியா? வேற நல்ல வியாதி கிடைக்கலையா மாஸ்டர்?”

“உன் வாய்க்கு அதுதான் சரி.”

அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு நாள் தொட்டிக்குப் போனார்கள். பரிமாறுகிறவர்கள், அடுப்படியில் நிற்பவர்கள், எல்லாரும் கூலிக்கு மாரடிக்கிறவர்கள்தான். தங்கள் வேலையை முடித்துவிட்டு என் வேலையையும் செய்தார்கள். அண்டாவுக்குள்ளிருந்து மாஸ்டரின் முனகல் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசும். சண்டைக்காரியாகவே இருந்து பழகியவளுக்கு இது பெரிய தண்டனை. அதன்பிறகு அந்த அடுப்பில் அடிப்பிடிக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விரல் தேறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மெஷினில் என் பெயருக்கு இருப்பது அக்காவின் விரல். என் விரலை வைத்தால் எப்படியும் சிவப்புதான். அதற்கும் மாஸ்டரே வழி கண்டுபிடித்தார். மெஷினில் பதிவு செய்யாத தன் விரல் ஒன்றை வைத்துப் பார்த்தார். ‘பதிவில் இல்லை’ என்றாள் அந்தத் தேன்குரல்காரி. நான் வைத்தால் ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்பாள். ரேகையே தெரியாவிட்டால் மீண்டும் முயற்சிக்க வேண்டும். ரேகை தெரிந்து, ஆள் யாரென்று தெரியாவிட்டால்தான் பதிவில் இல்லை. ஆக, மெஷின் என்னைப் ‘பதிவில் இல்லை’ என்று விரட்டினால் எனக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று அர்த்தம்.

தினமும் காலையில் அக்கா தன் இரண்டு விரல்களையும் வைத்தபிறகு நான் என் கட்டை விரலை வைப்பேன். மீண்டும் முயற்சிக்கவும். மீண்டும் முயற்சிக்கவும். அக்கா என் விரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, “இன்னும் கோடு வரலைடி” என்பாள். மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

நடுவில் ஒரு கூத்து. கோடு சீக்கிரம் வரட்டும் என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் காலையில் என் விரல் முழுக்க எண்ணெயை அப்பித் தேய்த்து அனுப்பிவிட்டார். அன்பு மிகுதி. அந்த விரலோடு நான் மெஷினைத் தொட, கண்ணாடி முழுக்கப் பிசுக்கு. எனக்குப் பின்னால் நின்ற யாருடைய விரலும் பதியவில்லை. வரிசை வாசலைத் தாண்டியது. மெஷின் செத்துவிட்டது என்று டை சார் அலறிக்கொண்டு ஓடிவந்தார். துடைக்கத் துணி கிடைக்காமல் தன் டையாலேயே துடைத்தார். அந்த டை ஒரு நல்ல காரியம் செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும். ஒரு காலையில் வழக்கம்போல விரலை வைத்தேன். சிவப்பு எரிந்தது. “பதிவில் இல்லை” என்றாள் தேன்குரல்காரி.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. மாஸ்டர்தான் முதலில் கத்தினார். “இல்லையாம்! பதிவுல இல்லையாம்!” அடுப்படியிலிருந்து ஆட்கள் கரண்டியோடு ஓடிவந்தார்கள். அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கைதட்டலும் சிரிப்பும் அந்த இடத்தையே இரண்டாக்கின.

டை சார் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்ன, யாருக்குக் கல்யாணம்?”

தூக்கிப் பிடித்த கரண்டிகள் தாழ்ந்தன. சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “உனக்கா பதிவில் இல்லைங்குது? உன் பேர் தினமும் ஒழுங்கா வருதே? இந்த இடத்துலயே உன் வருகைதான் சுத்தமா இருக்கு.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்குத் தெரிந்தே கொடுத்தேன்.

“சார், அதுல இருக்கறது என் விரல் இல்ல. சேர்ந்த அன்னிக்கு என் விரல் பதியல. இப்ப பதியுது. பழசை அழிச்சுட்டு என்னோடதைப் போட்டுக் குடுங்க.”

“உன் விரல் இல்லைன்னா பின்ன யாரோடது?”

வெங்காயக்கா மோதிர விரலை நீட்டினாள். பரீட்சையில் காப்பியடித்து மாட்டிய பிள்ளை மாதிரி இருந்தது அவள் முகம்.

டை சார் சுவரோரம் கிடந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு பேர் வேலையும் போயிடும். தெரியுமா? என் வேலையும் சேர்ந்து போயிடும்” என்றார். “எனக்கும் கான்ட்ராக்ட்தான்மா. வருஷா வருஷம் புதுப்பிக்கறாங்களான்னு உயிரைக் கையில பிடிச்சுட்டு இருக்கேன்.”

அது எங்களுக்குத் தெரியாது. டை கட்டினவர் நிரந்தரம் என்று நினைத்திருந்தோம்.

அவர் நீண்ட பெருமூச்சு விட்டு எழுந்தார். “நீங்க சொன்னது என் காதுல விழல. விரல் சரியா பதியலைன்னு மறுபதிவு பண்றேன், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. பழசை அழிச்சாதான் புதுசைப் போட முடியும். அழிச்சா அழிச்சதுதான். அப்புறம் உன் விரல் மூணு தடவை பதியணும். பதியலைன்னா இந்த மெஷின்ல நீ இல்லவே இல்ல. மேல சொல்லித்தான் ஆகணும். யோசிச்சுச் சொல்லு.”

“வேணாம் சார்” என்றாள் அக்கா உடனே. “அழிக்காதீங்க. அவ வீட்டுல வேற வருமானம் இல்ல. நான் எங்கயும் போகல. இது இப்படியே இருந்துட்டுப் போகட்டும்.”

உண்மையைச் சொன்னால் எனக்கும் அவள் சொன்னதே சரி என்று தோன்றியது. அவள் விரல் இருக்கும்வரை என் மகளுக்குச் சாப்பாடு நிச்சயம். என் விரல் ஒரே ஒரு தடவை, அதுவும் இப்போதுதான், கண் திறந்திருக்கிறது. ஆனால் ஒரு கண்தெரியாத மனுஷன் நனைந்த சாப்பாட்டைத் தடவிக்கொண்டிருப்பது என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

“அழிங்க சார்” என்றேன்.

அவர் பொத்தான்களை அழுத்தினார். அழிந்தது.

முதல் தடவை வைத்தேன். பச்சை. இரண்டாவது தடவை. பச்சை. மூன்றாவது தடவை வைத்தபோது சிவப்பு. மீண்டும் முயற்சிக்கவும்.

“இன்னும் ஒரு வாய்ப்புதான் குடுக்கும்” என்றார் டை சார்.

என் விரல் பயத்தில் வியர்த்து ஊறிப்போயிருந்தது. யாரோ துணி என்றார்கள், யாரோ ஊது என்றார்கள். வெங்காயக்கா எதுவும் சொல்லாமல் என் கையை எடுத்தாள். தன் ஏப்ரனைத் தூக்கி, அடியில் இருந்த காய்ந்த புடவைத் தலைப்பால் என் கட்டை விரலைத் துடைத்தாள். அவசரமே இல்லாமல், பிறந்த குழந்தையைத் துடைக்கிற மாதிரி. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணாடியின் மேல் வைத்து, தன் கையால் லேசாக அழுத்தினாள்.

பச்சை. ‘நன்றி’ என்றாள் மெஷின்காரி.

எனக்கு நன்றி சொன்ன அந்த மெஷின்காரிமீது இருந்த கோபமெல்லாம் அன்றோடு போயிற்று. டை சார் டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டு, “போங்க போங்க, வேலையைப் பாருங்க” என்று விரட்டினார். அவர் கண்ணையும் நான் பார்த்தேன், சொல்லப்போவதில்லை.

மாதக் கடைசியில் அக்கா ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அவள் இடத்துக்குக் கம்பெனி ஆள் எடுக்கவில்லை. இருக்கிறவர்களே பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்றது. அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. நாங்களும் போட்டுக்கொண்டோம், காயை மட்டும் அல்ல, அண்டாவையும். ஒரே ஆள் தினமும் தொட்டியில் நிற்பதில்லை என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். என் முறை வரும்போது நானும் கழுவுகிறேன், மற்ற நாளில் வெட்டுகிறேன். யார் விரலும் முழுசாகத் தேய்வதில்லை.

அவள் போன பிறகு வந்த முதல் வாரத்தில் ஒருநாள் வேலைக்குப் போகிறேன், கேட்டுக்குப் பக்கத்தில் வெங்காயக்கா நிற்கிறாள். பக்கத்தில், அவள் தோளில் கை வைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர். அவள் கணவரை நான் அப்போதுதான் முதன்முதலில் பார்த்தேன்.

“என்னக்கா இங்க? வேலைக்குப் போகலையா?”

“இன்னிக்கு எனக்கு லீவு” என்றாள். எங்கேயோ பார்த்துக்கொண்டு, “பதியுதான்னு பாக்கலாம்னு வந்தேன்” என்றாள்.

“பதியலைன்னா என்ன பண்ணப்போற? உன் விரலைத்தான் அழிச்சாச்சே!”

“தெரியும்டி. அதுக்காக? நீ தனியா நிப்பியே.”

இரண்டு பஸ் மாறி, கண் தெரியாதவரையும் கூட்டிக்கொண்டு, ஒன்றுமே செய்ய முடியாது என்று தெரிந்தே வந்து நிற்கிறாள். இவளுக்கு நான் என்ன உறவு? என்ன கைம்மாறு செய்யப்போகிறேன்? கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

“பதியுதுக்கா. தினமும் பதியுது” என்றேன்.

அவள் கணவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். “அந்தக் கையைக் கொஞ்சம் குடும்மா” என்றார்.

கொடுத்தேன். பழைய வெல்டிங்காரரின் கை, நெருப்புப் பட்ட தழும்புகளோடு இருந்தது. என் கட்டை விரலைத் தேடிப் பிடித்து, அதன் நுனியைத் தன் விரலால் மெதுவாகத் தடவினார். ஒரு தடவை, இன்னொரு தடவை.

“இவ தினமும் வீட்டுக்கு வந்து, இன்னும் கோடு வரலை, இன்னும் கோடு வரலைன்னு புலம்புவா” என்றார். “வந்திருக்கு. நல்லாத் தெரியுது.”

உள்ளே மாஸ்டர் என்னைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அக்காவின் கணவர் என் கையை விடவில்லை, நானும் எடுக்கவில்லை.